குவளாலபுரத்து மலை வலம்

மலையை வலம் வருதல் தமிழர்க்குப் புதிய பழக்கம் அன்று. திருவண்ணாமலையில் நிறைமதி நாளன்று 14 கிலோமீட்டர் தொலைவை வெறுங்காலோடு நடந்து முடிப்போர் இலட்சக் கணக்கினர். திருப்பரங்குன்றத்திலும் பழனியிலும் அவ்வழக்கம் இன்றும் நின்று நிலவுகிறது. உச்சியை எட்டிவிட்டு வந்த வழியே திரும்புவோன் மலையின் ஒரு முகத்தையே காண்கிறான். வலம் வருவோனோ அதன் எல்லா முகங்களையும் கண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறான். இடம் பழைய இடந்தான்; பார்வை மட்டும் புதிதாகி விடுகிறது.

கோலார் நகரை அடுத்து நிற்கும் சதசிருங்க மலைக்கும் அத்தகைய நடைவழி ஒன்று உண்டு. பெருங்கூட்டம் நடக்கும் வழி அன்று அது. அடிவாரத்துச் சுனையையும் கோயிலையும் கண்டு திரும்புவோரே மிகுதி. அதற்கு மேலும் ஏறி, குகைகளைக் கடந்து, மலைமேலுள்ள சிற்றூர்களின் ஊடே நடந்து, மறுவழியாக நகருக்கு இறங்கி வருவோர் சிலரே. தமிழ்க் குடும்பங்களில் இவ்வழியை அறிந்தோர் மிகக் குறைவு. கோலார் என்றதும் நம் நினைவுக்கு வருவது தங்கச் சுரங்கம். அச்சுரங்கமோ கோலார் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாவட்டத்தின் பெயரைச் சுரங்கம் எடுத்துக்கொண்டது. பெயருக்கு உரிய ஊரையும் மலையையும் நாம் மறந்தோம். இம்மறதியால் நாம் இழந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் பேரும்

கோலாரின் பழம்பெயர் குவளாலம். குவளாலபுரம் என்றும் கல்வெட்டுகள் இதனைக் குறிக்கின்றன. கி.பி. நான்காம் நூற்றாண்டில் மேலைக் கங்கர் அரசை நிறுவிய கொங்கணிவர்மன் இவ்வூரையே தலைநகராகக் கொண்டான் என்பர் வரலாற்று ஆசிரியர். பின்னர்க் கங்கர் தம் தலைநகரைக் காவிரிக் கரையிலுள்ள தலைக்காட்டுக்கு மாற்றிக்கொண்டனர். ஆயினும் குவளாலபுரத்துக்கு இறைவர் என்னும் விருதையும், நந்தி மலைக்குத் தலைவர் என்னும் விருதையும் அவர்கள் கைவிட்டாரில்லை. ஊரை விட்டுச் சென்ற பின்னும் ஊர்ப்பெயரைச் சுமந்து வாழ்ந்த முதற் குடியினர் இவர்களே எனலாம். இச்செய்தியை அன்பர்கள் நினைவில் இருத்துக. பின்னர் இது நமக்குப் பயன்படும்.

மலைக்கும் பழங்கதைகள் உண்டு. சதசிருங்கம் என்றால் நூறு சிகரங்களை உடையது என்று பொருள். பாண்டு மன்னன் குந்தியோடும் மாத்திரியோடும் சென்று தவ வாழ்வு மேற்கொண்டதாகப் பாரதம் கூறும் மலையின் பெயரும் இதுவே. பரசுராமன் கார்த்தவீரியார்ச்சுனனை வதைத்த களம் இம்மலையே என்றும், அப்போரின் ஆரவாரத்தால் ஊருக்குக் கோலாகலபுரம் என்னும் பெயர் எழுந்தது என்றும் இவ்வட்டாரத்து மக்கள் கூறுவர். இவை நம்பிக்கைகள், வரலாற்றுச் சான்றுகள் ஆகா. ஆயினும் இம்மலை மிகப் பழங்காலத்திலேயே மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றது என்பதை இக்கதைகள் உணர்த்துகின்றன.

ஏறும் வழி

நடையை நகரிலுள்ள கோலாரம்மன் கோயிலில் தொடங்குவது நன்று. அங்கிருந்து மேற்கு நோக்கிச் சென்றால் சில கிலோமீட்டர் தொலைவில் மலையடிவாரம் வந்துவிடும். கற்படிகள் ஏறி அந்தரகங்கை என்னும் இடத்தை அடையலாம். அங்கே காசி விசுவேசுவரர் கோயிலும் திருக்குளமும் உள்ளன. கல்லால் ஆன நந்தியின் வாயிலிருந்து சுனைநீர் இடையறாது ஒழுகிக் குளத்தில் விழுகிறது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் கோலார். ஏரிகளை நம்பியே அங்கு வேளாண்மை நடந்து வந்தது. பிற்காலத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் பல நூறு அடி ஆழத்துக்குச் சென்றும் நீர் அரிதாயிற்று. அத்தகைய நிலத்தில் பாறைக்குள்ளிருந்து ஊறிவரும் இந்நீரை வானிலிருந்து இறங்கிய கங்கை என்று மக்கள் போற்றியதில் வியப்பில்லை.

கோயிலுக்குப் பின்புறம் பாறைகளின் ஊடே ஒற்றையடிப் பாதை மேலேறுகிறது. இங்குள்ள குகைகள் மனிதர் குடைந்தவை அல்ல. மலை முழுதும் கருங்கற் பாறை. பாறையில் இயல்பாக அமைந்த வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி, விளிம்புகள் கரைந்து, காலப்போக்கில் பெரும்பாறை தனித்தனி உருண்டைகளாகப் பிரிகிறது. அவ்வுருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து தங்கிய இடைவெளிகளே குகைகள். சில இடங்களில் நிமிர்ந்து நடக்கலாம். சில இடங்களில் தவழ்ந்தே செல்ல வேண்டும். குழந்தைகளுக்கு இவ்விடமே மிகுதியும் பிடிக்கும். முதியோர் குகைகளைத் தவிர்த்து வெளிப்பாதையில் ஏறிவிடலாம்.

மேலே ஏறியதும் எதிர்பாராத காட்சி ஒன்று காத்திருக்கிறது. கூரிய உச்சியை எதிர்நோக்கி ஏறியோர் அகன்ற மேட்டுநிலத்தைக் காண்பர். கேழ்வரகு விளையும் வயல்களும், சிறு குட்டைகளும், தேரஹள்ளி முதலிய சிற்றூர்களும் அங்கே உள்ளன. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில், கீழேயுள்ள நகரின் இரைச்சல் எட்டாமல், உழவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அவ்வூர்களை நகரோடு இணைக்கும் பாதை வழியாக இறங்கினால் வலம் நிறைவுறும். விடியற்காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் முடித்துவிடலாம். கார்த்திகை முதல் மாசி வரை நடைக்கு ஏற்ற காலம். குடிநீரைக் கையோடு கொண்டு செல்க, தனியே செல்லற்க, அடிவாரத்துக் குரங்குகள் கையிலுள்ள உணவுப் பொட்டலத்தைப் பறிப்பதில் வல்லவை என்பதையும் மறவற்க.

கல்லில் வாழும் தமிழ்

இவ்வளவும் கால் காணும் வலம். இனி, கருத்து காணும் வலத்துக்கு வருவோம்.

நடையைத் தொடங்கிய கோலாரம்மன் கோயிலுக்கே திரும்புவோம். அக்கோயிலின் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1004 அளவில், கங்கநாடு சோழர் ஆட்சிக்கு உட்பட்டது. குவளால நாடு, நிகரிலிச் சோழ மண்டலம் என்னும் பெரும்பிரிவில் ஓர் உட்பிரிவாயிற்று. இன்று கோலாரம்மன் எனப்படும் தெய்வத்தைச் சோழர் கல்வெட்டுகள் பிடாரியார் என்று குறிக்கின்றன. செங்கல்லால் இருந்த இக்கோயில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் கற்றளியாக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் ஆட்சியின் தொடக்கத்திலும் இக்கோயிலின் நடைமுறைகள் குறித்து விரிவான கல்வெட்டு வெட்டப்பட்டது. இவற்றையெல்லாம் பி. லூயிஸ் ரைஸ் என்னும் அறிஞர் படியெடுத்து, கோலார் மாவட்டத்துக்குரிய கன்னடக் கல்வெட்டுத் தொகுதியின் பத்தாம் பகுதியாக 1905ஆம் ஆண்டில் வெளியிட்டார். கன்னட நாட்டுக் கல்வெட்டுத் தொகுதி ஒன்றில் தமிழ்க் கல்வெட்டுகள் இத்துணை மிகுதியாக இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

இவ்விடத்தில் ஒன்றை அஞ்சாது கூறுதல் வேண்டும். மேடைகளில் இக்கல்வெட்டுகளைச் சுட்டி, இந்நிலம் முழுதும் ஒரு காலத்தில் தமிழருடையதே என்று முழங்குவார் உளர். அம்முழக்கம் கைதட்டலைப் பெறும். வரலாற்றின் ஒப்புதலைப் பெறாது. சோழர் இங்கு வந்தது படையோடு. அவர்க்கு முன்னர்க் கங்கர் ஆண்டனர், நுளம்பர் ஆண்டனர். முளபாகலை அடுத்த ஆவணி மலையடிவாரத்தில் நுளம்பர் காலக் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. 1116ஆம் ஆண்டில் ஓய்சள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டை வென்றபின் சோழர் ஆட்சி இப்பகுதியில் முடிவுற்றது. ஆட்சி போயிற்று, ஆனால் தமிழ் போகவில்லை. கன்னட மரபினனாகிய ஓய்சள இராமநாதன், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வட்டாரத்தை ஆண்டபோது, அவன் காலத்துக் கல்வெட்டுகள் பல தமிழிலேயே அமைந்தன. ஏன்? இங்கு வாழ்ந்த மக்களுள் தமிழ் படிப்போரும் எழுதுவோரும் இருந்தனர் என்பதே காரணம். ஆள்வோன் மொழி ஒன்றாகவும் கல்லின் மொழி மற்றொன்றாகவும் இருந்தது குறித்து அன்று எவரும் பூசலிட்டதாகத் தெரியவில்லை.

பிற்காலத்திலும் இந்நிலத்தின் இயல்பு இதுவாகவே இருந்தது. கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்படும் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1891ஆம் ஆண்டில் கோலார் மாவட்டத்து மாலூர் வட்டத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழ் பேசிய குடும்பம் அவருடையது. அவர் கன்னடத்தில் எழுதிய நாவலுக்கு 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது கிடைத்தது. கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்றும் கலந்து வழங்கும் கோலார்ச் சந்தையில் ஒரு நாழிகை நின்று கேட்பவர்க்கு, மொழிகள் ஒன்றையொன்று விலக்காமல் வாழ முடியும் என்பது விளங்கிவிடும்.

நன்னூலும் குவளாலமும்

தமிழ் பயிலும் மாணவர் யாவரும் அறிந்த இலக்கண நூல் நன்னூல். அதனை இயற்றியவர் பவணந்தி முனிவர். இயற்றுவித்தவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். மூன்றாம் குலோத்துங்கச் சோழன் காலத்தில், சோழர்க்கு அடங்கித் தொண்டை நாட்டுப் பகுதியில் செல்வாக்குடன் விளங்கியவன் இவன். இவனுடைய கல்வெட்டுகளில் காணப்படும் விருதுப் பெயர்களுள் ஒன்று குவளாலபுர பரமேசுவரன் என்பது.

எண்ணிப் பாருங்கள். கங்கர் குவளாலத்தை விட்டுப் பல நூற்றாண்டுகள் கழிந்தன. அவர்தம் பேரரசும் அழிந்தது. அம்மரபில் வந்த ஒருவன் தமிழகத்தில் வாழ்கிறான். தமிழுக்கு இலக்கணம் எழுதுவிக்கிறான். ஆனால் பெயரைச் சொல்லும்போது முன்னோர் வாழ்ந்த கோலாரைச் சொல்கிறான். புகுந்த நாட்டின் மொழியை வளர்ப்பதும் பிறந்த மரபின் ஊரை நினைப்பதும் அவனுக்கு முரண்பட்ட செயல்களாகத் தோன்றவில்லை. புலம் பெயர்ந்து வாழும் குடும்பங்கள் இச்சீயகங்கனிடம் கற்றுக்கொள்ளத் தக்கது இது. நம் பிள்ளைகள் இன்று படிக்கும் தமிழ் இலக்கணமே, கோலாரிலிருந்து தமிழகம் சென்ற ஒரு குடியின் கொடை என்று கூறினும் அது மிகையாகாது.

பாலாற்றங் கரையிலிருந்து

கங்கர் குடி மேற்கிலிருந்து கிழக்கே சென்றது. ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்குடிப் பெயர்ச்சி நிகழ்ந்தது. அதற்குக் காரணம் பொன்.

மலைமேட்டின் பாறையையும் தங்கவயலின் பாறையையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சதசிருங்கத்தின் கருங்கல்லில் பொன் இல்லை. அதற்குக் கிழக்கே, தெற்கு வடக்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமும் கொண்ட கரும்பச்சை நிறப் பாறைப் பட்டை ஒன்று ஓடுகிறது. 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட எரிமலைக் குழம்பு இறுகி உருமாறிய பாறை அது. அதனுள் ஊடுருவிய வெண்கல் நரம்புகளிலேதான் பொன் படிந்திருந்தது.

1802ஆம் ஆண்டில் மைசூரின் கீழெல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படைத்தலைவர், ஊரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்களில் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அவருடைய குறிப்பைப் பல்லாண்டுகளுக்குப் பின் படித்த மைக்கேல் லாவெல் என்பவர் 1870களில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தார் பொறுப்பேற்றனர். அடுத்த சில ஆண்டுகளில் வளமான பொன் நரம்பு கண்டறியப்பட்டது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை இரயில் பாதை வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்வழிகளுள் அது ஒன்றாகும்.

இவ்வளவு பெரிய தொழிலுக்கு உழைக்கும் கைகள் எங்கிருந்து வந்தன? வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்தன. அவருட் பெரும்பாலோர் நிலமற்றவர். சாதிக் கொடுமையால் ஒடுக்கப்பட்டவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தின் நினைவைச் சுமந்தவர். பாலாற்றங் கரையில் பிறரது வயலில் பரம்பரைக் கூலிகளாகக் கட்டுண்டு கிடந்தோர்க்குத் தங்கவயல் மாதக் கூலியைத் தந்தது. கூலி சிறிது, ஆனால் காசாகக் கிடைத்தது. அக்காசோடு ஊர் மிராசுதாரரை எதிர்பார்த்து நிற்க வேண்டாத நிலையும் கிடைத்தது.

இங்கு நிலநூல் நமக்கு ஒரு வியப்பைக் காட்டுகிறது. பாலாறு பிறப்பது எங்கே? கங்கர் விருதுப் பெயரில் இடம்பெற்ற நந்தி மலைப் பகுதியில். அங்கிருந்து கோலார் மாவட்டத்தின் ஊடே வந்து, பேத்தமங்கலம் ஏரியை நிரப்பி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் செல்கிறது. அந்தப் பேத்தமங்கலத்து நீரே குழாய் வழியாகத் தங்கவயலுக்குக் குடிநீராயிற்று. ஆம்பூரை விட்டுத் தங்கவயலுக்கு வந்த குடும்பம், ஆற்றை விட்டு வரவில்லை. அதே ஆற்றின் மேற்கரைக்கு வந்தது. ஊரில் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடித்த நீரை இங்கே குழாயடியில் வரிசையில் நின்று பிடித்தது.

உழைப்பு எழுப்பிய குன்றுகள்

தங்கவயலை நெருங்குவோர் கண்ணில் முதலில் படுவன, உச்சி தட்டையாக அமைந்த வெளிறிய மண் குன்றுகள். சதசிருங்கத்தைப் போல் இயற்கை படைத்தவை அல்ல இவை. வெட்டியெடுத்த கல்லை ஆலையில் மாவாக இடித்து, சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்துப் பிரித்தபின் எஞ்சிய கழிவு மண் இங்கே கொட்டப்பட்டது. ஒரு நூற்றாண்டு காலம் கொட்டிய மண் பதின்மூன்று பெருங்குவியல்களாக உயர்ந்தது. ஊர் மக்கள் இவற்றைச் சயனைடு மலை என்றே அழைப்பர். மழைக்காலத்தில் மண் கரைந்து ஓடையில் இறங்கும். காற்றுக் காலத்தில் புழுதி எழுந்து வீடு முழுதும் படியும். திரைப்படம் எடுப்போர் அழகிய பாலை நிலமாக இதனைக் காட்டுவர்; அருகில் குடியிருப்போர் மூச்சு முட்ட இதனை அறிவர்.

இம்மண்ணின் அளவு மூன்று கோடியே முப்பது இலட்சம் டன் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இதன் ஒவ்வொரு கூடையும் ஒரு காலத்தில் பூமியின் ஆழத்தில் பாறையாக இருந்தது. அதனை உடைத்தவர், வாரியவர், மேலே அனுப்பியவர் பெரும்பாலும் தமிழர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. அடியாழத்தில் பாறையின் வெப்பம் அறுபது பாகையைக் கடந்தது. மேலேயுள்ள மலையின் எடை தாங்காது பாறை தானாகவே வெடித்துச் சிதறும் விபத்துகள் பலரை விழுங்கின. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து பலர் ஆண்டுக்கணக்கில் இருமி மாய்ந்தனர். சங்கு ஒலிக்கும் நேரம் அல்லாத நேரத்தில் ஒலித்தால், லைன் வீடுகளில் உள்ள பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுச் சுரங்க வாயிலுக்கு ஓடினர்.

அதே ஆழம் அறிவியலுக்கும் பயன்பட்டது. 1965ஆம் ஆண்டில், விண்ணிலிருந்து வந்த கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் தோன்றும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதல் கண்டறிந்த ஆய்வுகளுள் ஒன்று தங்கவயலின் சுரங்கத்தில் நடந்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சப்பானிய, ஆங்கில அறிஞரும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. அறிவியல் நூல்கள் அவ்வறிஞர்தம் பெயர்களைப் போற்றுகின்றன, போற்றத்தான் வேண்டும். அவர்கள் இறங்கி நின்ற குழியை வெட்டியவர் பெயர்கள் எந்நூலிலும் இல்லை.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மைய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. எண்ணூறு டன் அளவுக்குப் பொன்னைத் தந்த பின், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்று தொடங்கிய இரண்டாம் குடிப்பெயர்ச்சி இன்னும் முடியவில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இரவில் வீடு திரும்பும் ஆயிரக் கணக்கான தொழிலாளரை இன்றும் காணலாம். பலர் குடும்பத்தோடு பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் குடியேறி விட்டனர்.

எழுதப்படாத கல்வெட்டு

இப்போது இரு மலைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். சதசிருங்கத்தின் அடிவாரத்தில் சோழரின் தமிழ் கல்லில் வாழ்கிறது. ஆட்சி செய்ய வந்தவர் தமிழ் அது. அதில் அரசனின் வெற்றிகள் உண்டு. கொடையாளிகளின் பெயர்கள் உண்டு. ஆயிரம் ஆண்டு கடந்தும் படிக்கலாம். தங்கவயலுக்கு வந்த தமிழரோ ஆள வந்தவர் அல்லர், உழைக்க வந்தவர். சோழர் ஆட்சி இந்நிலத்தில் ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மிகுதியாக நின்றது. சுரங்கத் தொழிலாளரும் அவ்வளவு காலமே சுரங்கத்தில் உழைத்தனர். கால அளவு ஏறக்குறைய ஒன்றே. முன்னவரைப் பற்றி நூல்கள் பல. பின்னவர்க்குக் கல்வெட்டு எது? அந்த வெளிறிய மண் குன்றுகளே. எழுத்தில்லாத கல்வெட்டுகள் அவை.

எழுத்தே இல்லாத மக்கள் அல்லர் அவர்கள். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் ஆழ வேரூன்றியது. பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய இதழ், அவர் மறைவுக்குப் பின், 1920களில் தங்கவயலிலிருந்து அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' என்னும் பெயரோடு மீண்டும் வெளிவந்தது. சுரங்கத்தில் இறங்கிய கைகள் மேலே வந்து பகுத்தறிவும் சமத்துவமும் பேசும் இதழைப் புரட்டின. 1930இல் தொழிலாளர் யாவரும் கைரேகை பதிய வேண்டும் என்று ஆணை பிறந்தபோது, குற்றவாளிகளைப் போல் நடத்தப்பட மாட்டோம் என்று அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1946இல் மற்றொரு பெரும் போராட்டம் எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். தன்மானத்தின் வரலாறு இது. எனினும் இவற்றை அறிந்த இளைஞர் நம் குடும்பங்களில் எத்தனை பேர்?

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. கழிவு மண்ணில் இன்னும் எஞ்சியுள்ள பொன்னைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 சூன் திங்களில் ஒப்புதல் அளித்தது. அத்திட்டம் நிறைவேறினால் அக்குன்றுகள் கலைக்கப்படும். அதனால் வேலை கிடைக்குமாயின், புழுதி நீங்குமாயின், அதனை வரவேற்போம். நினைவுச் சின்னம் என்று நச்சு மண்ணைப் பிள்ளைகளின் மூச்சில் நிறுத்தி வைப்பது அறமாகாது. ஆனால் ஒரே கல்வெட்டும் கரைக்கப்படும் முன்னர், அதில் எழுதியிருக்க வேண்டியதை வேறோர் இடத்தில் எழுதி வைப்பது நம் கடமை அன்றோ?

நாம் செய்யத்தக்கது

வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வாழும் நம் பிள்ளைகளிடம், "உன் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் தயங்குகின்றனர். ஆம்பூர்ப் பக்கம் என்று பாட்டனார் சொன்ன ஊரில் வீடில்லை. பிறந்த தங்கவயலில் சுரங்கம் இல்லை. இருக்கும் ஊரில் உறவில்லை. இத்தயக்கத்தைப் போக்க மேடை முழக்கம் உதவாது. இங்கு எல்லாம் நமதே என்பதும் பொய். இங்கு நாம் நேற்று வந்தவர், நமக்கு ஒன்றும் இல்லை என்பதும் பொய். கங்கர் போயினர், சோழர் வந்து போயினர், ஓய்சளர் ஆண்டனர், உழைப்பாளர் வந்தனர். மலைமேட்டு உழவரும் அடிவாரத்துச் சுனையும் இவர் அனைவரையும் கண்டதுண்டு. வந்தவர் ஒவ்வொருவரும் எதையோ விட்டுச் சென்றனர். நம்மவர் விட்டுச் சென்றது எண்ணூறு டன் பொன்னும், உரிமைக்கு நின்ற நெஞ்சுரமும் ஆகும்.

ஆதலின் விடுமுறைக்கு ஊர் வரும் குடும்பங்கள் ஒரு காலைப் பொழுதை இம்மலை வலத்துக்கு ஒதுக்குதல் வேண்டும். கோலாரம்மன் கோயிற் சுவரில் உள்ள எழுத்துகளைப் பிள்ளைகள் கையால் தடவிப் பார்க்காமல், கண்ணால் படிக்க முயலட்டும். தெரிந்த எழுத்து இரண்டு கண்ணில் பட்டாலும் அவர்கள் மகிழ்வர். மலைமேல் எதிர்ப்படும் உழவரிடம் கன்னடத்தில் வணக்கம் சொல்லி வழி கேட்கட்டும். மறுநாள் தங்கவயலுக்குச் சென்று, தாத்தா இறங்கிய சுரங்கத்தின் பெயரையும் பாட்டி வாழ்ந்த லைனின் பெயரையும் குறித்துக்கொள்ளட்டும்.

சங்கங்கள் செய்ய வேண்டிய பணி ஒன்றும் உண்டு. சுரங்கத்தில் பணியாற்றிய முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். மூடப்பட்ட ஆண்டில் இளைஞராக இருந்தோரும் இன்று நடுவயதைக் கடந்துவிட்டனர். ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் எவ்வூரிலிருந்து வந்தார், எந்த ஆண்டில் வந்தார், எந்தச் சுரங்கத்தில் என்ன வேலை செய்தார், என்ன கூலி பெற்றார், எவ்வாறு இறந்தார் என்னும் ஐந்து செய்திகளை ஒரு தாளில் எழுதித் தருமாயின், சில ஆண்டுகளில் பெரியதொரு பதிவேடு உருவாகும். பழைய கூலிச் சீட்டு, பணிச்சான்று, நிழற்படம் ஆகியவற்றின் படிகளையும் அதனோடு சேர்த்துக் காக்கலாம். சோழ அரசனுக்குக் கல் வெட்டத் தச்சர் இருந்தனர். நம் பாட்டனாருக்கு நாமே இருக்கிறோம்.

சதசிருங்கத்தின் மேட்டுநிலத்தில் நின்று கிழக்கே பார்ப்பவர்க்கு நகரும் ஏரிகளும் வயல்களும் வரிசையாகத் தெரியும். அத்திசையில்தான் பாலாறும் தங்கவயலும் அவற்றுக்கப்பால் ஆம்பூரும் உள்ளன. பிள்ளைகளை அங்கே நிறுத்தி, அத்திசையைச் சுட்டிக் காட்டி, அவர்தம் முன்னோர் பெயர்களை ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். எழுதும் பணியை அங்கிருந்து இறங்கிய அன்று மாலையே தொடங்கலாம்.